சுண்ணாம்புக்கல்லும் மனச்சான்றும்

திரையில் இணையாக நடிக்கும் இருவரைப் பற்றிப் பேசும்போது, அவர்களுக்குள் 'கெமிஸ்ட்ரி' நன்றாக அமைந்திருக்கிறது என்று சொல்வது இன்று நம்மிடையே இயல்பாகிவிட்டது. ஒரு குடும்பத்தின் கல்விப் பெருமையையோ ஒரு குலத்தின் வீரத்தையோ சொல்லவேண்டுமானால், அது அவர்களுடைய 'டி.என்.ஏ.'விலேயே இருக்கிறது என்கிறோம். முன்பு 'இரத்தத்தில் ஊறியது' என்றோம். சொல் மாறியது, கருத்து மாறவில்லை. ஆயினும் புதிய சொல்லின் பின்னால் ஓர் ஆய்வுக்கூடம் நிற்பதுபோல் தோன்றுகிறது. அதனால் அதை எதிர்த்துக் கேட்கும் துணிவு நமக்குக் குறைந்துபோகிறது.

அறிவியலின் சொற்கள் நம் அன்றாடப் பேச்சுக்குள் நுழைவதற்கு நெடுங்காலம் முன்பே கதை இலக்கியத்துக்குள் நுழைந்துவிட்டன. வேதியியலிலிருந்தோ இயற்பியலிலிருந்தோ ஒரு கருத்தை எடுத்து, அதை மனித வாழ்க்கைக்கு உருவகமாக்கும் எழுத்தாளர் நமக்கு என்ன செய்கிறார்? மனிதனை இன்னும் தெளிவாக அறிய உதவுகிறாரா? அல்லது மனிதன் செய்தவற்றுக்கெல்லாம் இயற்கையைச் சாட்சியாக நிறுத்தி, அவனை விடுதலை செய்துவிடுகிறாரா?

தமிழர்களாகிய நமக்கு இக்கேள்வியில் தனி அக்கறை உண்டு. பள்ளிப் பாடநூலில் ஈர்ப்பு விதி, நியூட்டனின் விதிகள், வெப்ப இயக்கவியல் விதிகள் என்று படிக்கிறோம். அதே 'விதி' என்னும் சொல்லைத்தான் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தலையிலடித்துக்கொண்டு சொல்லுகிறாள். தவறு செய்தவனும் தப்பித்துக்கொள்ள அதையே சொல்லுகிறான். இயற்கையின் ஒழுங்கு, விலக்க இயலாத ஊழ் ஆகிய இரண்டு பொருள்களையும் நம் மொழி ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. ஆகவே அறிவியல் விதி ஒன்று கதைக்குள் உருவகமாக வரும்போது, அது ஊழாக மாறிவிடும் ஆபத்து நம் காதுக்கு அதிகம்.

நாம் சொல்ல விரும்புவது இதுதான்: அறிவியல் உருவகம் மனிதனுக்கு முற்றிலும் பொருந்திவிட்டதாகக் காட்டும் கதை நம்மை ஏமாற்றுகிறது. அது பொருந்திவந்து, ஓரிடத்தில் பொருந்தாமல் முறிவதைக் காட்டும் கதையே உண்மை சொல்லுகிறது. முறியும் அந்த இடத்தில்தான் மனிதன் நிற்கிறான். இதை நான்கு படைப்புகளைக் கொண்டு ஆராய்வோம்.

கடன்போய் வந்த சொல்

ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே 1809-ஆம் ஆண்டில் ஒரு நாவலை வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழில் 'தெரிந்தெடுத்த உறவுகள்' எனலாம். இது கவிஞர் புனைந்த சொல்லன்று. அக்கால வேதியியலின் கலைச்சொல். பாரிசில் வாழ்ந்த ஜொஃப்ருவா என்பவர், எந்தப் பொருள் எதனோடு சேரும் என்பதை 1718-இல் 16 நிரல்கள் கொண்ட அட்டவணையாக வகுத்தளித்தார். சுவீடன் நாட்டு வேதியியலார் பெர்க்மன் 1775-இல் அக்கருத்தை விரிவாக வளர்த்தார். சேர்ந்திருக்கும் இரண்டு பொருள்களின் நடுவே மூன்றாவது ஒன்று வந்து, ஒன்றைத் தன்பால் இழுத்துக்கொண்டு மற்றொன்றை வெளியேற்றினால், அங்கே ஒரு 'தெரிவு' நிகழ்ந்ததாக அவர்கள் பேசினார்கள்.

கதையில் எடுவர்டு என்னும் செல்வரும் அவர் மனைவி சார்லோட்டும் தங்கள் பண்ணை மாளிகையில் அமைதியாக வாழ்கிறார்கள். இளமையில் ஒருவரையொருவர் விரும்பியவர்கள். வேறு மணங்களுக்கு உட்பட்டு, அத்துணைகள் இறந்த பின்னர் ஒன்றுசேர்ந்தவர்கள். எடுவர்டின் நண்பரான கேப்டன் அவ்வீட்டுக்கு விருந்தினராக வருகிறார். சார்லோட்டின் பொறுப்பில் வளர்ந்த ஒத்தீலியா என்னும் இளம்பெண்ணும் பின்னர் வருகிறாள். எடுவர்டு ஒத்தீலியாவின்பால் ஈர்க்கப்படுகிறார். சார்லோட்டும் கேப்டனும் ஒருவரையொருவர் நாடுகிறார்கள். இரண்டு கூட்டுப்பொருள்கள் ஒன்றாகக் கலந்து, இணைகளை மாற்றிக்கொண்டு பிரிவதைப் போலவே இது நிகழ்கிறது.

ஒத்தீலியா வருவதற்கு முன்பே, நாவலின் முதற்பகுதி நான்காம் அத்தியாயத்தில், மற்ற மூவரும் இந்த வேதியியலைப் பற்றி மாலைப்பொழுதில் உரையாடுகிறார்கள். அறிவியல் உருவகம் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதைவிட நுட்பமான பக்கங்கள் அரிது. எடுவர்டு ஒரு நூலை உரக்கப் படிக்கிறார். அதில் 'உறவு' என்ற சொல் வந்ததும் சார்லோட்டின் நினைவு தம் சொந்த உறவினர்களிடம் போய்விடுகிறது. பிறகுதான் பேச்சு மண்ணையும் கனிமத்தையும் பற்றியது என்று அறிகிறார். எடுவர்டு சிரித்துக்கொண்டே, உன்னை ஏமாற்றியது ஓர் உருவகம், மனிதன் எங்கு நோக்கினும் தன் முகத்தையே காண்பவன் என்ற பொருள்பட விளக்குகிறார். சற்று நேரத்தில் அவரே அந்த உருவகத்தின் வலையில் விழப்போகிறார் என்பதை அவர் அறியவில்லை.

கேப்டன் எடுத்துக்காட்டாகக் கூறுவது சுண்ணாம்புக்கல்லை. சுண்ணாம்பும் ஒரு மெல்லிய வாயுவும் சேர்ந்ததே அக்கல். அதன் ஒரு துண்டை நீர்த்த கந்தக அமிலத்தில் இட்டால், அமிலம் சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு ஜிப்சமாகிறது. வாயு வெளியேறி ஓடுகிறது. நாம் கரியமில வாயு என்று அழைப்பது அதனையே. இங்கே சார்லோட் குறுக்கிடுகிறார். இதில் தெரிவு எங்கே இருக்கிறது, சந்தர்ப்பம் அல்லவா இவற்றைச் சேர்க்கிறது, இப்பொருள்களைக் கொண்டுவந்து ஒன்றாக வைக்கும் வேதியியலாரின் கையில் அல்லவா தெரிவு இருக்கிறது என்று கேட்கிறார். துரத்தப்பட்டு வெளியில் அலையும் அந்த வாயுவுக்காக இரங்குகிறார். மனிதன் இப்பொருள்களுக்குப் பல படிகள் மேலானவன் என்றும் நினைவூட்டுகிறார். எடுவர்டோ இவற்றைப் பொருட்படுத்தாமல், தம் வீட்டாருக்கு எழுத்துக்களைப் பெயராக இட்டு, ஒரு கணக்கைப் போல எதிர்காலத்தை வகுத்துக் காட்டி மகிழ்கிறார்.

இந்நாவல் வெளிவருமுன் கதே ஓர் இதழில் அதனை அறிமுகம் செய்து சிறு குறிப்பொன்று எழுதினார். இயற்கை அறிவியல், தனக்கு எட்டாதவற்றை விளக்க மனித ஒழுக்க வாழ்விலிருந்து உருவகங்களைக் கடன் வாங்குகிறது. இந்நாவலின் ஆசிரியர் வேதியியலின் ஓர் உருவகத்தை அதன் பிறப்பிடத்துக்கே திரும்பக் கொண்டுவந்திருக்கிறார் என்பது அதன் சாரம். இதை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். 'உறவு', 'தெரிவு', 'ஈர்ப்பு' என்பன முதலில் நம்முடைய சொற்கள். வேதியியல் அவற்றை நம்மிடம் கடன் வாங்கியது. பிறகு அவை நம் வீட்டுக்குத் திரும்பி வரும்போது ஆய்வுக்கூடத்தின் முத்திரையோடு வருகின்றன. நம்மைக் கட்டளையிடும் அதிகாரத்தோடு வருகின்றன. 'உறவு' என்று போனது 'விதி' என்று திரும்பி வருகிறது. எடுவர்டு செய்த பிழை வேதியியலை நம்பியதன்று. திரும்பிவந்த சொல் தன் சொந்தச் சொல் என்பதை மறந்ததேயாகும்.

முறியும் இடம்

கதை மேலும் செல்கிறது. ஓரிரவு கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கையில் இருவர் நினைவும் வேறிடத்தில் இருக்கிறது. பிறக்கும் குழந்தைக்குக் கேப்டனின் முகச்சாயலும் ஒத்தீலியாவின் கண்களும் அமைகின்றன. ஒத்தீலியா அக்குழந்தையோடு ஏரியில் படகேறும்போது, அவள் கை தவறி அது நீரில் விழுந்து இறந்துவிடுகிறது. இந்த மரணத்துக்குப் பின் சார்லோட் மணமுறிவுக்கு இசைகிறார். தடை நீங்கிவிட்டது, அட்டவணை சொன்னபடியே இணைகள் மாறிக்கொள்ள வழி திறந்துவிட்டது.

ஆனால் அந்த வழியில் நடக்க ஒத்தீலியா மறுத்துவிடுகிறாள். தன் பாதையைவிட்டுத் தான் விலகிவிட்டதாகவும், தன் சட்டங்களைத் தானே மீறிவிட்டதாகவும், இறைவன் தன் கண்களைத் திறந்ததாகவும் அவள் கூறுகிறாள். சட்டத்தை மீறுவது என்பது சுண்ணாம்புக்கு இயலாத செயல். கந்தக அமிலத்தில் இட்ட கல், 'நான் கரையமாட்டேன்' என்று சொல்வதில்லை, கரைந்தபின் வருந்துவதுமில்லை. 'மீறினேன்' என்று ஒருத்தி சொன்ன அக்கணமே அவள் வேதியியலின் எல்லையைக் கடந்துவிடுகிறாள். உருவகம் அங்கே முறிகிறது. அவ்வளவு பெரிய கலைஞர் தம் நாவல் முழுவதையும் தாங்கிநின்ற உருவகத்தை, ஓர் இளம்பெண்ணின் மனச்சான்றின்மேல் மோதவிட்டு உடைக்கிறார்.

கதே இதை எளிதாக முடித்துவிடவில்லை. ஒத்தீலியா மறுத்த பின்னும், ஒரே வீட்டில் இருக்கும் அவளையும் எடுவர்டையும் ஏதோ ஒன்று அருகருகே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஈர்ப்பு பொய்யன்று. அவள் பேச்சையும் பின்னர் உணவையும் துறந்து மாள்கிறாள். எடுவர்டும் அவளைத் தொடர்ந்து இறக்கிறார். அவளுடைய முடிவை நாம் போற்றவேண்டியதில்லை. ஆனால் நாவல் நம்முன் வைக்கும் வேறுபாட்டை நாம் தவறவிடலாகாது: ஈர்ப்பு இருக்கிறது என்பது ஒன்று; ஈர்ப்பே தீர்ப்பு என்பது வேறொன்று.

இதில் வியத்தகு செய்தியொன்று உண்டு. கதே எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே பெர்க்மனின் கொள்கை ஆட்டங்கண்டுவிட்டது. நெப்போலியனின் படையோடு 1798-இல் எகிப்து சென்ற பெர்த்தொலே என்னும் பிரெஞ்சு வேதியியலார், அங்கே ஏரிக்கரையில் சுண்ணாம்புக்கல்லும் உப்பும் சேர்ந்து சோடாவைத் தருவதைக் கண்டார். அட்டவணைப்படி இது தலைகீழாக நடக்கவேண்டிய மாற்றம். பொருளின் அளவும் வெப்பமும் சூழ்நிலையும் சேர்க்கையின் போக்கையே மாற்றவல்லன என்று அவர் விளக்கினார். சந்தர்ப்பத்தைப் பற்றிச் சார்லோட் கேட்ட கேள்வியின் பக்கமே வேதியியலும் சென்றது. நாவலுக்குத் தலைப்புத் தந்த அறிவியல் பழமையாகிவிட்டது, நாவல் பழமையாகவில்லை. ஏனெனில் அதன் உயிர் விதியில் இல்லை, விதி முறிந்த இடத்தில் இருக்கிறது.

மூடிய அறையும் திறந்த வீடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிவியல் கதைக்காரர்களுக்குத் தந்த கருத்துக்களுள் மிகவும் கவர்ச்சியானது எண்ட்ரோபி. 1865-இல் கிளாசியஸ் இச்சொல்லை உருவாக்கினார். புறத்தோடு தொடர்பற்ற ஓர் அமைப்பில் வெப்பம் நாளடைவில் எங்கும் ஒரே அளவாகப் பரவிவிடும். அதன்பின் பயனுள்ள மாற்றம் எதுவும் நிகழாது என்பது எளிய விளக்கம். பேரண்டம் முழுவதுமே இவ்வாறு குளிர்ந்து ஓய்ந்துவிடும் என்ற எண்ணம் எழுத்தாளர் பலரைக் கலங்கவைத்தது.

அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் பிஞ்சன் 1960-இல் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு ஒரு சிறுகதை எழுதினார். களம் 1957-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரம். மேல்மாடியில் கலிஸ்டோ என்பவர் தம் அறையைக் காற்றும் புகாதபடி அடைத்து, செடிகளும் பறவைகளும் நிறைந்த ஒரு சிறு உலகமாக அமைத்துக்கொண்டு வாழ்கிறார். வெளியே வெப்பநிலை மூன்று நாட்களாக 37 பாரன்ஹீட் பாகையிலேயே நிற்கிறது. பேரண்டத்தின் ஓய்வு தொடங்கிவிட்டது என்று அவர் அஞ்சுகிறார். நோயுற்ற ஒரு பறவையை மார்போடு அணைத்துத் தம் உடல்வெப்பத்தைத் தர முயல்கிறார், பறவை இறந்துவிடுகிறது. அவரோடு வாழும் பெண், வெறுங்கையால் சன்னல் கண்ணாடியை உடைக்கிறாள். கீழ்த்தளத்திலோ மல்லிகன் என்பவர் வீட்டில் குடியும் கூச்சலுமாக ஒரு விருந்து கட்டுமீறிக்கொண்டிருக்கிறது. ஓர் அலமாரிக்குள் ஒளிந்துகொள்ளலாமா என்று மல்லிகன் எண்ணுகிறார். பிறகு ஒவ்வொருவராக அணுகி, சண்டையை விலக்கி, பழுதானதைச் சீர்செய்து வீட்டை அமைதிப்படுத்துகிறார்.

இக்கதையைப் பிஞ்சனே பின்னர் குறைகூறினார். 1984-இல் தம் இளமைக்கால கதைகளைத் தொகுத்தபோது எழுதிய முன்னுரையில், ஒரு கருத்தை முதலில் வைத்துக்கொண்டு மனிதர்களை அதற்குப் பொருந்துமாறு வளைத்துவிட்டதாகக் கூறினார். கலைஞர் பலரும் நினைவில் கொள்ளவேண்டிய எச்சரிக்கை அது. கலிஸ்டோ ஒரு மனிதராக நம் மனத்தில் நிற்பதில்லை. ஒரு விதியின் விளக்கப்படமாகவே நிற்கிறார்.

ஆயினும் இக்கதையில் ஆசிரியரே ஒப்புக்கொண்டதைவிட அதிகம் இருப்பதாக நாம் கருதுகிறோம். எண்ட்ரோபி பெருகுவதைக் கூறும் விதி, புறத்தோடு தொடர்பற்ற அமைப்புக்கே அப்படியே பொருந்தும். உயிருள்ளவை எல்லாம் வெளியிலிருந்து ஆற்றலைப் பெற்றும் வெளிக்குத் தந்தும் வாழ்பவை. கலிஸ்டோவை அழிப்பது பேரண்டத்தின் விதியன்று. கதவை அடைத்துக்கொண்டதே அவரை அழிக்கிறது. மல்லிகனின் வீடு அழுக்கானது, இரைச்சலானது; ஆனால் அதன் கதவு திறந்திருக்கிறது. பெரிய தத்துவம் எதுவும் அறியாத அவர், கைக்கெட்டிய தூரத்தில் உள்ள ஒழுங்கின்மையைத் தம் உழைப்பால் சற்றே குறைக்கிறார். விதியை அதன் நிபந்தனையோடு சேர்த்துப் படித்தால் கதை வேறு பொருள் தருகிறது. நிபந்தனையை விட்டுவிட்டு விதியை மட்டும் எடுத்துக்கொண்டால் அவநம்பிக்கையே எஞ்சுகிறது.

எழுவனவெல்லாம் குவியுமா?

எண்ட்ரோபி அவநம்பிக்கையின் உருவகமானால், பரிணாமம் நம்பிக்கையின் உருவகம். அதற்கும் ஊழாக மாறும் ஆபத்து உண்டு என்பதைக் காட்டியவர் ஒரு கத்தோலிக்க எழுத்தாளரே.

இயேசு சபைக் குருவும் தொல்லுயிரியல் அறிஞருமான தெயார் த ஷார்தன் (1881-1955), உயிரினங்களின் படிமலர்ச்சி மனிதனோடு நின்றுவிடாமல், மனங்களெல்லாம் ஒருங்கே குவியும் ஒரு நிறைவை நோக்கிச் செல்கிறது என்று சிந்தித்தவர். அவருடைய முதன்மையான நூல்கள் அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தன. 1962-இல் திருச்சபையின் எச்சரிக்கைக் குறிப்புக்கும் உள்ளாயின. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த பிளானரி ஓகானர் (1925-1964) அவரை மிகுந்த மதிப்போடு படித்தார். தம் மறைமாவட்ட இதழில் அவருடைய நூலுக்கு மதிப்புரையும் எழுதினார். எழுவனவெல்லாம் குவிந்தே தீரும் என்ற தெயாரின் கருத்தையே 1961-இல் தம் சிறுகதை ஒன்றுக்குத் தலைப்பாக்கினார்.

கதையில் நடப்பதோ வேறு. தென்மாநிலங்களின் பேருந்துகளில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இருந்த தனி இருக்கைமுறை நீங்கிய காலம். ஜூலியன் என்னும் படித்த இளைஞன் தன் தாயைப் பேருந்தில் அழைத்துச் செல்கிறான். தாய் பழைய குலப்பெருமையில் வாழ்பவர். மகன் தன்னை முற்போக்கானவன் என்று எண்ணித் தாயை உள்ளூர வெறுப்பவன். அவர்கள் பேருந்தில் ஒரு கறுப்பினப் பெண் தன் சிறுவனோடு ஏறுகிறாள். தாய் அணிந்திருக்கும் அதே வகைத் தொப்பியை அவளும் அணிந்திருக்கிறாள். இறங்கும்போது தாய் இரக்கங்காட்டும் பாவனையில் சிறுவனுக்கு ஒரு காசை நீட்ட, சினங்கொண்ட அப்பெண் தன் கைப்பையால் அடித்துவிடுகிறாள். தாய்க்கு நல்ல பாடம் கிடைத்தது என்று மகன் நினைத்துப் பேசிக்கொண்டிருக்கையிலேயே அவர் நிலைகுலைந்து விழுகிறார். உதவி தேடி ஓடும் ஜூலியன் குழந்தையைப்போல் அலறுகிறான்.

மனிதர்கள் ஒரே பேருந்தில், ஒரே தொப்பியின்கீழ்க் குவிந்துவிட்டார்கள், உள்ளங்கள் குவியவில்லை. ஓகானர் தெயாரைக் கேலி செய்கிறார் என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. மேலெழுதல் தானாக நிகழும் என்று நம்பித் தன்னை ஏற்கெனவே எழுந்துவிட்டவனாகக் கருதும் ஜூலியனையே அவர் சோதிக்கிறார். சட்டம் இருக்கைகளை ஒன்றாக்கும். காலம் தொப்பிகளை ஒன்றாக்கும். அயலாரை அயலாராக ஏற்கும் அன்பு எந்தப் பரிணாமத்தின் பயனாகவும் தானே வந்துவிடாது. அது ஒவ்வொருவரும் விலைகொடுத்துப் பெறவேண்டியது. கதையின் இறுதியில் ஜூலியன் அவ்விலையின் வாசலில் நிற்கிறான்.

துத்தநாகம் தந்த இரண்டு பாடங்கள்

நாம் இறுதியாக எடுத்துக்கொள்வது, வேதியியலையே தொழிலாகக் கொண்ட ஓர் எழுத்தாளரின் நூல். பிரிமோ லேவி 1919-இல் இத்தாலியின் தூரின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர்; 1944-இல் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிர்மீண்டவர். 1975-இல் வெளிவந்த அவருடைய 'தனிம வரிசை அட்டவணை' 21 அத்தியாயங்களைக் கொண்டது; ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர். தன்வரலாறும் புனைகதையும் கலந்த நூல் அது.

 லேவி அறிவியலைக் கையால் தொட்டவர். அதனால்தான் அவர் உருவகத்தை ஐயத்தோடு கையாளுகிறார். முதல் அத்தியாயத்தின் பெயர் ஆர்கான். எதனோடும் எளிதில் சேராத வாயு அது. பியட்மான்ட் பகுதியில் ஒதுங்கி வாழ்ந்த தம் முன்னோரை அவ்வாயுவுக்கு ஒப்பிடுகிறார். ஒப்பிட்ட கையோடு, அவர்கள் பிழைப்புக்காக ஓடியாடி உழைத்தவர்களே, உள்ளியல்பில்தான் அந்த மந்தம் இருந்தது என்று தம் உருவகத்தைத் திருத்தவும் செய்கிறார். ஓர் ஒப்புமை எவ்வளவு தூரம் செல்லும் என்று அளந்து சொல்வது நேர்மையான கைவினைஞரின் பழக்கம்.

துத்தநாகம் என்ற அத்தியாயம் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. மாணவர் லேவி பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் துத்தநாகத்தை அமிலத்தில் கரைக்கவேண்டியிருக்கிறது. மிகத் தூய துத்தநாகம் அமிலத்தால் எளிதில் தாக்குறாது. வேறொரு பொருள் சிறிதளவேனும் கலந்திருந்தால்தான் கரையத் தொடங்கும். இச்செய்தியிலிருந்து நேரெதிரான இரண்டு பாடங்களைப் பெறலாம் என்கிறார் லேவி. தூய்மை, தீமை அணுகாமல் காக்கும் கவசம் என்று அதைப் புகழலாம். கலப்பிலிருந்துதான் மாற்றமும் உயிரும் பிறக்கின்றன என்று கலப்பையும் புகழலாம். அவர் முதலாவதை ஒதுக்கிவிட்டு இரண்டாவதை ஏற்கிறார். அது இத்தாலியில் இனச்சட்டங்கள் வந்த 1938-ஆம் ஆண்டின் சூழல். யூதர்கள் நாட்டின் தூய்மையைக் கெடுப்பவர்கள் என்று அரசின் ஆதரவோடு எழுதப்பட்ட காலம். துத்தநாகத்தைக் கரையச் செய்யும் அந்த அயற்பொருள் தாமே என்று அம்மாணவர் பெருமிதம் கொள்ளத் தொடங்குகிறார்.

இப்பக்கத்தின் ஆழம் கலப்பைப் புகழ்ந்ததில் மட்டும் இல்லை. ஒரே உலோகம் இரண்டு பாடங்களைத் தந்தது என்பதில் இருக்கிறது. துத்தநாகம் அறம் எதையும் கற்பிக்கவில்லை. அதன் முன் நிற்கும் மனிதன் எந்தப் பாடத்தைத் தெரிந்தெடுக்கிறான் என்பதே அறம். தூய இரத்தம் என்று பேசியவர்களும் தாங்கள் அறிவியலின் பக்கம் நிற்பதாகவே கூறிக்கொண்டார்கள். உயிரியலின் சொற்களை எடுத்து, மனிதர்களைக் கிருமிகளாகவும் களைகளாகவும் உருவகித்தார்கள். அந்த உருவகம் எங்கும் முறியாதபடி பார்த்துக்கொண்டார்கள். அதன் இறுதி ஆஷ்விட்ஸ். உருவகம் என்பது அணியிலக்கணத்தில் படித்து மறந்துவிடும் அலங்காரமன்று என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமோ?

சாதியின் பெயரால் இன்னும் தூய்மை பேசப்படும் சமூகத்தில் வாழும் நாம், இவ்வத்தியாயத்தை இத்தாலியக் கதை என்று தள்ளிவைக்க இயலாது. 'எங்கள் டி.என்.ஏ.' என்று பெருமையோடு ஒருவர் சொல்லும்போது, யாரோ ஒருவர் அயற்பொருளாக ஒதுக்கப்படுகிறார். கல்லறைத் தோட்டத்திலும் சாதிச்சுவர் எழுப்பிய வரலாறு நமக்கும் உண்டு.

லேவியின் கடைசி அத்தியாயம் கார்பன். அது ஒரே ஒரு கார்பன் அணுவின் கதை. அணு எங்கே கிடக்கிறது? சுண்ணாம்புக்கல்லில். 1840-ஆம் ஆண்டில் ஒரு கடப்பாறைக் குத்து அக்கல்லைப் பெயர்க்கிறது. காளவாயில் வேகும்போது அணு வாயுவாக வெளியேறுகிறது. பருந்தின் மூச்சுக்குள் போய் வருகிறது, கடலில் கரைகிறது, காற்றில் அலைகிறது, திராட்சை இலையில் கதிரொளியால் பிணைக்கப்பட்டு உயிரின் சங்கிலியில் சேர்கிறது. பல பிறவிகள் கண்டு, பாலின் வழியாக எழுத்தாளரின் மூளைக்குள் நுழைகிறது. அவர் கை தாளில் ஒரு புள்ளி வைப்பதோடு நூல் முடிகிறது.

கதேயின் கல்லும் சுண்ணாம்புக்கல். லேவியின் கல்லும் சுண்ணாம்புக்கல். துரத்தப்பட்டு அலைகிறதே என்று சார்லோட் இரங்கிய அந்த வாயு, 166 ஆண்டுகளுக்குப் பின் லேவியின் கையில் இலையாகவும் பாலாகவும் ஆயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. லேவி அணுவை மனிதனாக்கவில்லை. அதற்கு விருப்பமும் வெறுப்பும் தரவில்லை. இப்படியொரு பயணத்தைத் தாம் விரும்பியபடி தெரிந்தெடுத்ததாகவும் வெளிப்படையாகக் கூறுகிறார். அணு செய்வது அணுவின் செயல். கதை சொல்வது மனிதனின் செயல். இரண்டையும் பிரித்து வைத்ததனாலேயே இரண்டுக்கும் பெருமை கிடைக்கிறது.

வாசகரின் பங்கு

அறிவியலைக் கதைக்குள் விடலாகாது என்பது நம் கருத்தன்று. படைப்பை ஆராயும் அறிவும் படைப்பைப் பாடும் கற்பனையும் ஒருவரையொருவர் சந்திப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. இன்று குவாண்டம், கருந்துளை, மரபணு என்ற சொற்கள் தமிழ்க் கதைகளிலும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது மூன்று கேள்விகளை நாம் கேட்டுப் பழகலாம்.

முதலாவது, எழுத்தாளர் விதியை அதன் நிபந்தனையோடு எடுத்துக்கொண்டாரா? மூடிய அமைப்புக்குரிய விதியைத் திறந்த வீட்டின்மேல் சுமத்துகிறாரா? இரண்டாவது, கதைமாந்தர் அந்த உருவகத்துக்கு அடங்காத ஒரு சொல்லையாவது பேசவோ, ஒரு செயலையாவது செய்யவோ அவர் இடங்கொடுக்கிறாரா? ஒத்தீலியாவின் மறுப்பைப் போல, மல்லிகனின் உழைப்பைப் போல ஏதேனும் ஒன்று அங்கே உண்டா? மூன்றாவது, இந்த உருவகத்தால் யார் தப்பித்துக்கொள்கிறார்கள்? யார் ஒதுக்கப்படுகிறார்கள்?

மூன்றாம் கேள்வியே மிக முக்கியமானது. துணையை ஏமாற்றியவன் அதை 'கெமிஸ்ட்ரி' என்கிறான். பாகுபாடு செய்பவன் 'மரபு' என்கிறான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் 'உலகமே சிதைந்துகொண்டிருக்கிறது' என்கிறான். இவர்கள் யாரும் அறிவியல் பேசவில்லை. நம்மிடமிருந்து கடன்போன சொல்லைத் திருப்பிக்கொண்டு வந்து, தங்கள் பொறுப்பை அதன்மேல் இறக்கி வைக்கிறார்கள். நல்ல கதை அந்தச் சுமையை மீண்டும் மனிதனின் தோளில் ஏற்றுகிறது. அது பாரமானதுதான், ஆனால் கல்லுக்கு இல்லாமல் நமக்கு மட்டுமே தரப்பட்ட பெருமையும் அதுவே.